கேம் கன்சோல் வாங்க 45,000 ரூபாய் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. பையன் எட்டாம் வகுப்பு, பெண் நான்காம் வகுப்பு. பையன் ரொம்ப நாளாக பிளேஸ்டேஷன் கேட்டு நச்சரிக்கிறான். ஒரே போனுக்கு இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்த்தால், ஹாலில் எங்கள் கண் முன்னால் டி.வி.யில் விளையாடட்டும் என்று எங்களுக்கே தோன்றிவிட்டது. சீட்டுப் பணம் 45,000 ரூபாய் கையில் இருக்கிறது. கடையில் டிஸ்க் இல்லாத மாடலை எடுங்கள், பாக்கிக்கு வட்டியில்லாத் தவணை போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார், பொங்கலுக்கு வரும்போது நிண்டெண்டோ வாங்கிவரட்டுமா என்று கேட்கிறார். எங்கள் பள்ளி சார் ஒருவரோ, "வாங்கின பிறகுதான் செலவே ஆரம்பிக்கும்" என்று பயமுறுத்துகிறார். அப்படி என்ன செலவு வரும்? வீட்டில் 43 இன்ச் டி.வி. இருக்கிறது. நெட் என்றால் போன் டேட்டா மட்டும்தான்.

— ஓர் ஆசிரியை, நாமக்கல் மாவட்டம்

பதில் அளிப்பவர்: கோவையில் கேம் கன்சோல் விற்பனையும் சர்வீஸும் செய்பவர்

வணக்கம் டீச்சர்.

உங்கள் சார் பயமுறுத்தவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். மிக்ஸி மாதிரி ஒரு தடவை வாங்கிப்போட்டுவிட்டுப் பத்து வருஷம் மறந்துவிடுகிற சாமான் இல்லை இது. ஆனால் அந்தச் செலவு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வருவதில்லை. என்னிடம் வாங்கிப்போனவர்களில், பெட்டி விலைக்கு மேல் முதல் வருஷத்தில் பத்தாயிரத்தோடு நிறுத்தியவர்களும் உண்டு. இன்னொரு கன்சோல் வாங்குகிற அளவுக்குச் செலவழித்தவர்களும் உண்டு. இரண்டு வீட்டுக்கும் பெட்டி ஒன்றுதான்.

வித்தியாசம் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முன்னால் அதைப் பிள்ளைகளிடம் கேட்டுவிடுங்கள்: யாரோடு விளையாடப்போகிறீர்கள்? அண்ணனும் தங்கையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து விளையாடுவதாக இருந்தால் செலவு ஒரு வழியில் போகும். பையன் தன் வகுப்பு நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடத்தான் கேட்கிறான் என்றால் அது வேறு வழி. "ரெண்டும்தான்" என்றுதான் பதில் வரும், அது எனக்குத் தெரியும். அப்படியானால் எது முதலில் என்று கேளுங்கள்.

சோபா வழியை முதலில் பார்ப்போம். பிஎஸ்5, அதாவது பிளேஸ்டேஷன் 5 பெட்டியில், கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலர் ஒன்றுதான் வரும். மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸிலும் ஒன்றுதான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது ஒரு கன்ட்ரோலர் என்றால், போனுக்கு நடந்த சண்டை இனி இதற்கு நடக்கும். இன்னொன்று வாங்கியே ஆக வேண்டும். பிளேஸ்டேஷன் செய்கிற சோனியின் ஒரிஜினல் கன்ட்ரோலர் ஆறாயிரம் ரூபாய் அளவில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் பழைய பிஎஸ்4 கன்ட்ரோலர் சும்மா கிடக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். கனெக்ட் ஆகும். ஆனால் அதை வைத்து பிஎஸ்4 கேம்களை மட்டும்தான் ஆட முடியும், பிஎஸ்5 கேம் எடுக்காது. எக்ஸ்பாக்ஸில் இந்த வம்பு இல்லை, முந்தைய தலைமுறை எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரே புதிய கன்சோலில் எல்லா கேமுக்கும் வேலை செய்யும். ஆனால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு உள்ளே பேட்டரி கிடையாது. இரண்டு பென்சில் செல் போட வேண்டும். சார்ஜ் ஏறுகிற செல்லை முதல் நாளே வாங்காவிட்டால், மளிகைக் கடை பில்லில் அது மாதாமாதம் ஒளிந்துகொண்டு வரும்.

கன்ட்ரோலரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் சர்வீஸ் மேஜைக்கு அதிகம் வருவது அதுதான். கட்டைவிரல் வைத்து ஆட்டுகிற அந்த ஸ்டிக்குக்குக் கீழே சின்னதாக ஒரு கார்பன் பட்டை இருக்கிறது. ஸ்டிக்கை அசைக்கும்போதெல்லாம் ஒரு உலோக நுனி அதன் மேல் தேய்ந்துகொண்டே போகும். பட்டை தேய்ந்த பிறகு, யாரும் தொடாமலே திரையில் ஆள் தானாக ஒரு பக்கமாக நடப்பான். இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். இது உங்கள் பிள்ளைகளின் முரட்டுத்தனம் மட்டும் இல்லை, பாகத்தின் அமைப்பே அப்படி. தினமும் ஆடுகிற வீட்டில் ஒன்றிரண்டு வருஷத்தில் வரலாம். வாரன்ட்டி ஒரு வருஷம் என்பதை மறக்காதீர்கள். அது முடிந்த பிறகு வந்தால் புதிதாக ஆறாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டிக் மாட்யூலை மட்டும் மாற்றிவிடலாம், ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும். சாப்பிட்ட கையோடு, குறிப்பாக மிக்சர் சாப்பிட்ட கையோடு, கன்ட்ரோலரைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டம் போடுங்கள். நான் கழற்றுகிற கன்ட்ரோலர்களில் ஓமப்பொடி இல்லாதது குறைவு.

அடுத்து டிஸ்க் விஷயம். கடைக்காரர் சொன்னதை அப்படியே கேட்டுவிடாதீர்கள். நானும் கடைக்காரன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். டிஸ்க் மாடலுக்கும், டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடலுக்கும் நடுவில் ஐந்தாயிரம், ஆஃபர் காலத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடக்குறைய வித்தியாசம் இருக்கும். அந்த ஐந்தாயிரத்தை மிச்சம் என்று நினைத்து டிஜிட்டல் எடுத்தால், அதற்குப் பிறகு அந்தக் கன்சோலின் ஆயுள் முழுக்க ஒரே ஒரு கடையில்தான் கேம் வாங்க முடியும்: சோனியின் ஆன்லைன் ஸ்டோர். அங்கே ஒரு புது கேம் நாலாயிரம், ஐயாயிரம். விளையாடி முடித்த பிறகு விற்க முடியாது, நண்பனுக்கு இரவல் கொடுக்க முடியாது. பிடிக்கவில்லை என்றாலும் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. 14 நாளுக்குள், அதுவும் டவுன்லோடே ஆரம்பிக்காமல் இருந்தால்தான் பணம் திரும்பும். விளையாடிப் பார்க்காமல் பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

டிஸ்க் இருந்தால் கதை வேறு. ஐயாயிரத்துக்கு வந்த கேம் ஆறேழு மாதத்தில் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குக் கிடைக்கும். அதை ஆடி முடித்து, வாங்கிய விலையைவிட ஐந்நூறு அறுநூறு குறைத்து விற்றுவிட்டு அடுத்ததை வாங்கலாம். பையனின் வகுப்பில் நாலு பேரிடம் டிஸ்க் மாடல் இருந்தால் நாலு வீட்டு டிஸ்க்கும் சுற்றி வரும். இரண்டு மூன்று கேமிலேயே அந்த ஐந்தாயிரம் திரும்பிவிடும். ஸ்லிம் என்கிற ஒல்லியான டிஜிட்டல் மாடலில் பிறகு தனியாக டிஸ்க் டிரைவ் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் தனியாக வாங்கும்போது நீங்கள் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கொடுப்பீர்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் விலை குறைவு என்று யாராவது காட்டினால், அதிலும் டிஸ்க் போட வழியில்லை, பிறகு மாட்டவும் வழியில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

வட்டியில்லாத் தவணை பற்றிச் சுருக்கமாக: வட்டி இல்லாமல் இல்லை, அந்தத் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். வங்கி தன் பங்குக்கு வட்டியைப் போடும், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போடும், மேலே பிராசஸிங் கட்டணம் எடுக்கும். மொத்தம் சில நூறு ரூபாய்தான், உயிர் போகிற விஷயம் இல்லை. ஆனால் தவணை போட்டால் ரொக்கத் தள்ளுபடி கிடைக்காது என்பார்கள். இரண்டு விலையையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் வீட்டில் யாரும் கணக்கில் சேர்க்காத பெரிய செலவுக்கு வருகிறேன். நெட் என்றால் போன் டேட்டா மட்டும்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதாவது வீட்டில் ஃபைபர் நெட் இல்லை. டிஸ்க் வாங்கினால் நெட் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்க்கைப் போட்டதும் அது முழுவதையும் கன்சோலுக்குள் காப்பி செய்துகொள்ளும், அப்புறம் உடனே அப்டேட் கேட்கும். அந்த அப்டேட்டே பல ஜிபி இருக்கும். இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபி என்பது சாதாரணம். நாளுக்கு 2 ஜிபி போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால், வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தாலும் 50 நாள் ஆகும். 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் அதே கேம் ஐந்தரை மணி நேரத்தில், நீங்கள் தூங்கி எழுவதற்குள் வந்துவிடும். சாதாரண ஃபைபர் திட்டம் ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 500 முதல் 700 ரூபாய் வரை. வருஷத்துக்கு ஏழாயிரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாருக்கும் பயன்படும், போன் ரீசார்ஜையும் குறைத்துக்கொள்ளலாம் என்பதால் இதை முழுக்கக் கன்சோல் தலையில் கட்ட வேண்டாம். ஆனால் கன்சோல் வந்த மாதமே இதுவும் வந்து நிற்கும்.

இப்போது ஆன்லைன் வழி. பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு நெட்டில் ஆட வேண்டுமென்றால் பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். கேமுக்குக் காசு, நெட்டுக்குக் காசு, அதற்கு மேல் இது. இதில் எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் என்று மூன்று படி. நண்பர்களோடு ஆட அடிப்படைப் படியே போதும், அது வருஷத்துக்கு 4,000 ரூபாயை ஒட்டி. விலை நிலையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்: 2023 செப்டம்பரில் வருஷச் சந்தாவை உலகம் முழுக்க ஏற்றினார்கள். எக்ஸ்பாக்ஸ்காரர்களும் 2025 அக்டோபரில் கேம் பாஸ் என்ற தங்கள் சந்தாவின் உச்சப் படியை அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99-க்குக் கொண்டுபோனார்கள்.

சந்தாவில் மூன்று விஷயம் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று, ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் மாதிரி இலவச கேம்களை ஆன்லைனில் ஆடச் சந்தாவே வேண்டாம். பையனின் நண்பர்கள் அதைத்தான் ஆடுகிறார்கள் என்றால் 4,000 மிச்சம். இரண்டு, ஒரே கன்சோலில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தாலும், 'கன்சோல் ஷேரிங்' வசதியை உங்கள் கணக்கில் போட்டுவிட்டால் ஒரே சந்தாவில் இரண்டு பிள்ளைகளும் ஆடலாம். மூன்று, மாதாமாதம் அதில் கொடுக்கிற 'இலவச' கேம்கள் உங்களுக்குச் சொந்தம் இல்லை. சந்தா நின்றால் அவையும் பூட்டிக்கொள்ளும், மறுபடி கட்டினால் திறக்கும். வாங்கிய அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். நிறுத்தினாலும் கட்டிய காலம் வரை ஓடும். வேண்டுமானால் அடுத்த வருஷம் நீங்களாகவே கட்டுங்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிவிடலாம். கூட்ட முடியாத செலவு ஒன்று இருக்கிறது. கேமுக்கு உள்ளே நடக்கிற கடை அது.

இலவச கேம் என்று சொன்னேனே, அவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? ஆள் போட்டுக்கொள்கிற உடை, ஆடுகிற நடனம், துப்பாக்கிக்குப் பூசுகிற வண்ணம், எல்லாம் விற்பனைக்கு. நேரடியாக ரூபாயில் விலை இருக்காது. முதலில் ரூபாயைக் கொடுத்து அந்தக் கேமுக்குள் மட்டும் செல்லுகிற நாணயத்தை வாங்க வேண்டும், பிறகு அதைக் கொண்டு பொருளை வாங்க வேண்டும். நாணயம் விற்கிற கட்டும் பொருளின் விலையும் பெரும்பாலும் சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் மீதி நிற்கும். அந்த மீதி வீணாகக் கூடாதே என்று அடுத்த கட்டு. நான்காம் வகுப்புக் கணக்கில் உங்கள் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம், நல்ல வார்த்தைக் கணக்கு.

பையன் கால்பந்து கேட்பான். இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று வருஷா வருஷம் செப்டம்பரில் புதுசு வரும். 2022 வரை ஃபிஃபா என்ற பெயரில் வந்தது. அதில் அல்டிமேட் டீம் என்று ஒரு பகுதி. காசு கொடுத்து மூடிய பாக்கெட் வாங்கலாம். உள்ளே எந்த ஆட்டக்காரர் இருப்பார் என்று பிரித்தால்தான் தெரியும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இந்த மாதிரிப் பாக்கெட்டுகள் சூதாட்டம்தான் என்று சொன்னது, அடுத்த ஜனவரியில் அந்த நாட்டில் மட்டும் அந்த நிறுவனம் அதற்கான பாயின்ட் விற்பனையை நிறுத்தியது. நம் ஊரில் விற்பனை நடக்கிறது. இதைவிடக் கசப்பான விஷயம், இந்த வருஷம் காசு போட்டுச் சேர்த்த அந்த அணி அடுத்த செப்டம்பரில் வருகிற புது கேமுக்குப் போகாது. மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். அதே கேமில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரண மேட்ச் ஆடுவதற்கு ஒரு பைசா கூடுதல் இல்லை. போன வருஷத்து டிஸ்க்கே போதும்.

தெரியாமல் பணம் போய்விடுமா என்றால், போகும். ஃபோர்ட்நைட்டை நடத்துகிற எபிக் கேம்ஸ் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை 2022 டிசம்பரில் 520 மில்லியன் டாலரில் முடிந்தது. அதில் 245 மில்லியன், பொத்தான் அமைப்பால் வேண்டாத பொருளுக்குப் பணம் இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. ஒரே அழுத்தில் வாங்கிவிடுகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்பதும், வங்கியில் புகார் செய்தவர்களின் கணக்கையே பூட்டினார்கள் என்பதும் குற்றச்சாட்டில் இருந்தவை. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: பணம் போன பிறகு வங்கியில் போய்ச் சண்டை போட்டால், வாங்கிய கேம்கள் எல்லாம் இருக்கிற அந்தக் கணக்கே முடங்கிப்போகலாம். எனவே பணம் போகாமல் பார்ப்பதுதான் வழி.

கன்சோலில் முதல் கணக்கை உங்கள் பெயரில் திறங்கள். பிள்ளைகளுக்குச் சரியான பிறந்த தேதி போட்டு, உங்கள் கணக்குக்குக் கீழே குழந்தைக் கணக்கு. பையன் தன் வயசை 18 என்று போடச் சொல்வான், போடாதீர்கள். எல்லாப் பூட்டும் அந்தத் தேதியை நம்பித்தான் இருக்கிறது. குழந்தைக் கணக்கில் மாதச் செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வையுங்கள். எத்தனை மணி வரை, எத்தனை மணி நேரம் என்பதையும் அங்கேயே வைக்கலாம். உங்கள் கணக்குக்கு நாலு இலக்க லாகின் எண் போடுங்கள். அது பையனின் பிறந்த வருஷமாக இருக்க வேண்டாம். வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும்படி ஓர் அமைப்பு உண்டு, அதையும் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கார்டு எண்ணைக் கன்சோலில் சேமிக்கவே வேண்டாம். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஓடிபி வருமே என்ற தைரியத்தில் பலர் சேமித்துவிடுகிறார்கள். வெளிநாட்டு வணிகர் வழியாகப் போகிற பணத்துக்கு ஓடிபி கேட்காமலே கழிய வாய்ப்பு உண்டு. வங்கி ஆப்பில் அந்தக் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை மூடி வையுங்கள். வாங்க வேண்டுமென்றால் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வாலட் கோடு (போன் ரீசார்ஜ் கூப்பன் மாதிரி, கணக்கில் பணம் ஏற்றுகிற எண்) கிடைக்கும், அதை வாங்கிப் போடுங்கள். பிறந்த நாளுக்கு மாமா கொடுக்கிற காசைக்கூட அப்படிக் கோடாக மாற்றிக் கொடுத்துவிடலாம். தீர்ந்தால் தீர்ந்தது.

கரன்ட் பில்லை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட், டி.வி. ஒரு 100 வாட். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட். ஆனால் உங்கள் பில் ஏற்கெனவே 480, 490 யூனிட்டில் நிற்கிறதா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படி யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் குறைந்துவிடும். அந்த 36 யூனிட்டுக்காகச் சில நூறு ரூபாய் கூட வரலாம். இன்னொன்று, பிள்ளைகள் விளையாடுகிற அறையில் ஏ.சி. இருந்தால், கன்சோல் இழுப்பதைவிட அதுதான் அதிகம் இழுக்கும். ஹாலில் வைப்பது எல்லா வகையிலும் நல்லது.

நல்ல ஸ்பைக் பஸ்டர் ஒன்று அவசியம். மின்னல் காலத்தில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிள் வழியாக டி.வி.க்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கன்சோலுக்குள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் என்னிடம் வருகிற பெட்டிகளில் பாதிக்கு இதுதான் நோய். இடி இடித்தால் எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றச் சொல்லுங்கள். இன்வர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியவை: சார்ஜிங் டாக் வேண்டாம், போனுக்குப் போடுகிற சி டைப் கேபிளே போதும். ஹெட்செட் வேண்டாம், பிஎஸ்5 கன்ட்ரோலரிலேயே மைக் இருக்கிறது, போனுக்கு வந்த வயர் ஹெட்போனையும் அதில் சொருகலாம். நிற்க வைக்கிற ஸ்டாண்டு வேண்டாம், படுக்க வையுங்கள். புது 4கே டி.வி. வேண்டவே வேண்டாம். உங்கள் 43 இன்ச் டி.வி.யில் எச்டிஎம்ஐ இருந்தால் போதும், செட்டிங்கில் 'கேம் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள். கேம்களைச் சேமிக்கிற கூடுதல் எஸ்எஸ்டி இப்போது வேண்டாம். ஸ்லிம்மில் இருக்கிற 1 டிபியில் ஏழெட்டுப் பெரிய கேம் தாங்கும்; நிறைந்தால் ஆடி முடித்ததை அழித்துவிட்டுப் போடலாம்.

கொழுந்தனாரின் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். உங்கள் பெண்ணின் வயசுக்கு நிண்டெண்டோதான் நல்ல பொருத்தம். அவர்களின் ஸ்விட்ச் கன்சோலோடு வருகிற ஜாய்கான் என்ற கன்ட்ரோலரை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பிடிக்கலாம், தனியாகக் கன்ட்ரோலர் வாங்காமலே பல கேம்களை ஆடலாம். டிஸ்க்குக்குப் பதிலாக வருகிற கேம் கார்ட்ரிட்ஜுகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த நாட்டில் வாங்கியதும் ஓடும். ஆனால் நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. வாரன்ட்டிக்கு மறுபடி சிங்கப்பூர்தான். அவர்களின் ஆன்லைன் ஸ்டோரில் இந்தியா இல்லை, வேறு நாட்டுக் கணக்கில் பரிசுக் கோடு போட்டுத்தான் ஓட்ட வேண்டும். நிண்டெண்டோவின் சொந்த கேம்கள் விலை லேசில் இறங்காது. ஸ்விட்ச் 2 என்றால் பழைய மெமரி கார்டில் கேம் போட முடியாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற தனி வகை வேண்டும், அது விலை அதிகம். சில கார்ட்ரிட்ஜில் கேமே இருக்காது, சாவி மட்டும் இருக்கும்; கேமை நெட்டில்தான் இறக்க வேண்டும். அட்டைப் பெட்டியின் முகப்பில் அது அச்சிட்டிருக்கும், கொழுந்தனாரைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். முக்கியமாக, பையனின் நண்பர்களிடம் பிளேஸ்டேஷன் இருந்தால் டிஸ்க் மாற்றிக்கொள்கிற வழி இதில் அடைபடும்.

இப்போது உங்கள் 45,000. புது டிஸ்க் மாடல் 2021 பிப்ரவரியில் இங்கே வந்தபோது 49,990. காத்திருந்தால் இறங்கும் என்ற பழைய வழக்கத்துக்கு மாறாக 2022 நவம்பரில் 54,990 ஆனது. பண்டிகை ஆஃபரில் நாலைந்தாயிரம் குறையும். ஐம்பதாயிரம் என்றே வைத்து, இரண்டாவது கன்ட்ரோலர் 6,000, ஃபைபர் 7,000, செகண்ட் ஹேண்ட் டிஸ்க் இரண்டு 4,000, ஸ்பைக் பஸ்டர் ஆயிரம் என்று கூட்டினால் முதல் வருஷம் 68,000. ஆன்லைன் சந்தா சேர்ந்தால் 72,000. ஆகவே 45,000-க்குப் புதுசு எடுத்தால் கன்சோல் வரும், விளையாட்டு வராது.

என் யோசனை, செகண்ட் ஹேண்ட் பிஎஸ்5 டிஸ்க் மாடல். கோவை, சேலம் பக்கம் 30,000-க்கு மேல் 40,000-க்குள் நல்லதாகவே கிடைக்கிறது. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றில் முடித்தால் கன்ட்ரோலர், இரண்டு டிஸ்க், ஸ்பைக் பஸ்டர் எல்லாம் உங்கள் பணத்துக்குள் அடங்கும். ஃபைபரை மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஓஎல்எக்ஸில் படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். விற்கிறவர் வீட்டுக்கே போய், அவர் டி.வி.யில் ஓட்டிப் பாருங்கள். கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். மெனு தானாக நகர்ந்தால் டிரிஃப்ட். ஒரு டிஸ்க்கை மூன்று தடவை போட்டு எடுங்கள். பெரிய கேம் ஒன்றை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட விடுங்கள். நடுவில் ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போனாலோ, தானாக அணைந்தாலோ கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளை மெல்ல அசைத்துப் பாருங்கள், படம் விட்டுவிட்டு வந்தால் போர்ட் போயிருக்கிறது. யாராவது பிரித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிஎஸ்5-க்குள் பிராசசர் மேல் சூட்டைக் கடத்த, வழக்கமான பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள், அது மின்சாரம் கடத்தும். பழக்கமில்லாத மெக்கானிக் பிரித்து அது பக்கத்தில் வழிந்தால் போர்டே போய்விடும். கடைசியாக, அவர் கண் முன்னால் ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் கணக்கைப் போட்டு உள்ளே போகிறதா என்று பாருங்கள். நிறுவனம் தடை செய்த கன்சோலாக இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் டிஸ்க்காக ஓவர்குக்ட் வாங்குங்கள். சமையலறையில் நாலு பேர் வரை ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு ஆர்டர் முடிக்க வேண்டும், நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்துகொள்ளலாம். சாக்பாய், லெகோ வரிசை எல்லாம் அதே மாதிரி சோபா ஆட்டம். இட் டேக்ஸ் டூ அருமையான கேம்தான், ஆனால் கதையில் அப்பா அம்மா பிரியப்போகிற விஷயம் வருகிறது, பெண்ணுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் போகட்டும். ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் கன்சோலோடு இலவசமாகவே வருகிறது. ஒருவர் மட்டும் ஆடுகிற ஆட்டம் என்றாலும் முதல் ஒரு வாரம் அதுவே ஓடிவிடும்.

ஆன்லைன் சந்தாவை முழுப் பரீட்சை முடிகிற வரை தள்ளிப் போடுங்கள். அதற்குள் பையன் யாரோடு ஆடுகிறான் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். விற்கிறவரிடம் பழைய பில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கன்சோலின் பின்பக்க சீரியல் நம்பரும் பில்லில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில் இல்லை என்றால் இரண்டாயிரம் குறைத்துக் கேளுங்கள், கொடுப்பார்கள்.